நாலாக மடித்த 10 வெள்ளி

கணக்கியல் படித்துவிட்டு நடிக்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "நம்ம ஊர்ல தமிழ்ப் படம் நடிச்சு எவன்டா வீட்டு வாடகை கட்டுறான்?" 2015இல் வந்த மலேசியத் தமிழ்ப் படம் ஜகாட், மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் விருது வாங்கியதே என்றேன். அவர் கேட்டது விருதை இல்லை, வாடகையை. அது எனக்கும் தெரியும்.

இன்று ஆடிஷன். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் தெருவெல்லாம் மூன்று வரி வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன், பூக்கடை அக்கா ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போனதும் இரண்டாவது வரி மறந்துபோச்சு. சரி, விடுங்கள்.

திரும்பும் ரயிலில் பையைத் திறந்தால் அம்மா கட்டிய நாசி லெமாக் சோறு, அதன் ரப்பர் பேண்டில் செருகிய 10 வெள்ளி. நோட்டை நாலாக மடிக்கிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது, அப்பாவுக்குத்தான்.