கோச்ச மாத்துறதுக்கும் ஒரு நேரம் இருக்கு
எங்க தூத்தூர் பக்கம் எல்லாருக்கும் ஃபுட்பால்தான் உயிரு, எனக்கு அதோட ரக்பியும். 2023 ஜனவரில ஆஸ்திரேலியாக்காரங்க அவங்க ரக்பி டீம் கோச் டேவ் ரென்னிய தூக்கிட்டு எடி ஜோன்ஸ கொண்டு வந்தாங்க, வேர்ல்ட் கப்புக்கு முழுசா எட்டு மாசம் கூட இல்ல மக்கா, லைன்அவுட்ல, அதாவது வெளிய போன பந்த திரும்ப உள்ள எறியுறப்ப, ரெண்டு பேர் ஒருத்தன மேல தூக்குறதும் ஹூக்கர் பந்த எறியுறதும் ஒரே நொடில சேரணும், அதுக்கே எவ்ளோ பழகணும்? கடைசில வேல்ஸ்கிட்ட 40-6னு தோத்து, வரலாற்றுலயே முதல் தடவையா பூல் ஸ்டேஜோட, அதான் முதல் சுத்தோட, வெளிய. மனசே ஆறல.

எடி ஜோன்ஸுக்கு அடுத்து கோச்சா வந்த ஜோ ஷ்மிட்டுக்கு அப்புறம் லெஸ் கிஸ்தான் கோச்னு 2025 ஏப்ரல்லயே சொன்னாங்க பாருங்க, அதுதான் சரி. 2027 வேர்ல்ட் கப் அவங்க சொந்த மண்ணுல.

ஃபுட்பாலோ ரக்பியோ, நம்ம இந்தியா டீமுக்கும் யாரக் கோச்சா போட்டாலும் ரெண்டு மூணு வருஷம் விட்டு வைங்க, தோத்த உடனே தூக்காதீங்க ப்ளீஸ்.