அழிக்க மறந்த 'ஏ'

லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் கரையில் இருக்கும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஆறு வருடம் வார்டராக இருந்தேன். வார்டர் என்றதும் ஜெயில் என்று நினைத்துவிடாதீர்கள், ஊரில் என் மாமா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அறை அறையாக நிற்க வேண்டும், தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், கேட்பவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் அதிகம் பேர் கேட்டது பாத்ரூம் எங்கே என்று. அதற்கு அடுத்தது, "அந்த எச்சும் ஏயும் எங்கே?"

எச் என்றால் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி, ஏ என்றால் அவர் மணந்த ஆன் போலின். அங்குள்ள பெரிய ஹாலின் வேலை 1532இல் தொடங்கி 1535இல் முடிந்தது. அந்த வருடங்களில்தான் ஆன் ராணியாகிறாள், முடிசூட்டு 1533 ஜூனில். அதனால் மரவேலையில் இருவரின் முதலெழுத்தையும் பின்னிப் பிணைத்துச் செதுக்கிவிட்டார்கள். நம்மூர்க் கல்யாண மண்டப வாசலில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டுவோமே, அதேதான், ஓக் மரத்தில்.

1536 மே 19 அன்று அவள் தலையை வெட்டினார்கள். பதினோராவது நாள் ராஜாவுக்கு ஜேன் சீமோருடன் கல்யாணம். அப்புறம் என்ன, தச்சர்கள், கண்ணாடிக்காரர்கள், பெயின்டர்கள் எல்லோருக்கும் திரும்ப வேலை. எச் அப்படியே இருக்கலாம், ஏ போக வேண்டும். அதன் இடத்தில் வந்தது ஐ, ஏனென்றால் அன்றைக்கு ஐயும் ஜேயும் ஒரே எழுத்து. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சிறுத்தை விஷயம். ஆனுடைய சின்னங்களில் ஒன்று சிறுத்தை, ஜேனுடையது பாந்தர். குலச்சின்னங்களில் வரும் இந்தப் பாந்தருக்கு வாயிலிருந்தும் காதிலிருந்தும் தீ கிளம்பும், காட்டில் தேடினால் கிடைக்காது. புதிதாகச் செய்யச் செலவு, அதனால் இருந்த சிறுத்தைகளுக்குத் தலையையும் வாலையும் மட்டும் மாற்றிப் பாந்தராக்கிவிட்டார்கள். உடம்பு பழைய ராணியுடையது, தலையும் வாலும் புது ராணியுடையது.

இதைக் கேட்டுச் சிரிக்காத பார்வையாளரை நான் பார்த்ததில்லை. ஆனால் தப்பிப் பிழைத்த 'ஏ'க்களைக் காட்டும்போது மட்டும் நிறையப் பேர் உருகிவிடுவார்கள். யாரோ ஒரு தச்சன் அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டு வேண்டுமென்றே விட்டிருப்பான் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. என் அப்பா திருச்சியில் போர்டு எழுதுபவர். தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் சுவரில், பலகையில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதும் வேலை அவருக்கு வரும். ரெண்டு கோட்டிங் அடித்தாலும் வெயில் பட்டால் பழைய எழுத்து எட்டிப் பார்க்கும், ஏணிக்கு எட்டாத மூலையை அப்படியே விட்டுவிட்டு வந்து கூலி வாங்கிக்கொள்வார், யாரும் கேட்டதில்லை. இந்த ஹாலின் உயரம் 60 அடி. அவசரம் ராஜாவுக்கு, கழுத்து வலி தச்சனுக்கு. சிலது விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அழிப்பதும் ஆனோடு தொடங்கியதல்ல. இந்த அரண்மனையையே கட்ட ஆரம்பித்தது ராஜாவின் முதன்மை அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சி, இப்ஸ்விச் ஊரில் ஒரு கசாப்புக்காரரின் மகன் என்பார்கள். 1529இல் அவர் பதவி போனது, வீடு ராஜாவுக்குப் போனது, அவருடைய சின்னங்கள் இருந்த இடங்களில் ராஜாவின் சின்னங்கள் ஏறின. ஜேனும் நிலைக்கவில்லை. 1537 அக்டோபர் 12 அன்று இதே அரண்மனையில் மகனைப் பெற்றாள், பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள். பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டுப் போனதாலோ என்னவோ, அவள் சின்னங்களுக்கு உளி வரவில்லை.

அம்மா ஒருமுறை வந்திருந்தாள். வாசல் பாலத்தில் கேடயம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பத்துக் கல் மிருகங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். (அவை ஹென்றி காலத்துக் கல் இல்லை, இருபதாம் நூற்றாண்டில் திரும்பச் செய்து வைத்தவை.) அதில் ஒன்றின் பெயர் யேல், ஆடு மாதிரி உடம்பு, கொம்பை நினைத்த பக்கம் திருப்பிக்கொள்ளுமாம், ஹென்றியின் பாட்டி வீட்டுச் சின்னம்.

"யாளின்னு சொல்லு, நம்ம ஸ்ரீரங்கத்துல இல்லாததா" என்றாள். யாளி வேறம்மா, இது வேற என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். சீமோர் சிங்கம், சீமோர் யூனிகார்ன், சீமோர் பாந்தர் என்று வரிசையாகக் காட்டிக் கதையைச் சொன்னேன்.

"அந்த முதல் பொண்ணோடது ஒண்ணுகூட இல்லையாடா?"

உள்ளே கூட்டிப்போய் ஹாலில் நிறுத்தி மேலே கை காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. இருக்குன்னு நீ சொன்னா சரி."