கவனிப்பாரற்று

"இந்த வீட்டை எனக்கு 60 வருஷமாத் தெரியும் பேபி. இது இப்படிப் பேசாது."

வீட்டின் சொந்தக்காரரான அந்த அம்மா சொன்னது அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, வீட்டை விற்க நான் எழுதிக் கொடுத்த விளம்பரப் புரோஷரின் மேலேயே வைத்துவிட்டு, காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன், அவரும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

2015இல் நடந்தது இது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் எனக்கு விளம்பர வேலை. வீட்டை விற்பது என் முதலாளி. விற்பதற்கு முன்னால் அந்த வீட்டின் மேல் ஊருக்கு ஆசை வர வைப்பது நான். வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில் இருந்த இந்த விக்டோரியன் வீட்டுக்கு, அதாவது விக்டோரியா ராணி காலத்துப் பாணியில் கட்டிய மர வீட்டுக்கு, ஐந்து மாதம் மராமத்து நடந்தது. அந்த ஐந்து மாதமும் நான் அங்கேதான் கிடந்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வீட்டைப் பார்க்காமலே எழுதிவிட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பார்த்துத்தான் எழுதினேன். அதுதான் உறுத்துகிறது.

வீடு கட்டிய வருஷத்தைக் கண்டுபிடித்ததே நான்தான். 1906 நிலநடுக்கத்துக்குப் பின் வந்த தீயில் நகரத்தின் கட்டட ஆவணங்கள் எரிந்துபோயின. அதனால் இங்கே பழைய வீட்டின் வயதைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது, அந்த வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பு எப்போது கொடுத்தார்கள் என்பதைத்தான். அப்போது தண்ணீர் கொடுத்த ஸ்ப்ரிங் வேலி கம்பெனியின் பதிவில் எங்கள் வீடு 1889 என்று இருந்தது. தீயை வான் நெஸ் அவென்யூவில் தடுத்து நிறுத்தினார்கள். வீடு அதற்கு மேற்கே இருந்ததால் தப்பித்தது. அன்று முழுக்க நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். புரோஷரை வீடே எழுதும் கடிதமாக அமைக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

"நான் 1889இல் பிறந்தேன்" என்று தொடங்கும். காஸ் விளக்கு, சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும் இழுவைக் கதவுகள், ஜன்னலின் வண்ணக் கண்ணாடி, நகரமே எரிந்த அந்த மூன்று நாட்கள். அப்புறம் இந்த வரி: "அதன் பிறகு பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தேன். இன்று என் பழைய முகத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்." முதலாளி படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். கெட்டித் தாளில் 500 பிரதி அச்சடித்தோம்.

அந்த அம்மா விரல் வைத்தது 'கவனிப்பாரற்று' என்ற சொல்லில்.

நாங்கள் விற்க எடுத்துக்கொண்டபோது வீட்டுக்கு முகமே இல்லை. முகப்பு முழுக்கச் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் வில்லைகள். அதை எடுக்க உரிமம் உள்ள ஆட்கள் வெள்ளை உடையும் முகமூடியுமாக வந்து, தெருவையே பிளாஸ்டிக்கால் மூடி எடுத்தார்கள். அடியில் ரெட்வுட் பலகை, கலிஃபோர்னியாவில் வளரும் ஒரு வகை ஊசியிலை மரம். இந்த ஊர் விக்டோரியன் வீடுகள் பெரும்பாலும் அந்த மரம்தான். 125 வருஷமாகியும் பலகை மணியாக இருந்தது. ஆனால் பூவேலை ஒன்றையும் காணோம். வில்லைகள் தட்டையாகப் படிய வேண்டும் என்பதற்காகத் துருத்திக்கொண்டிருந்த தாங்கிகள், வளைவுகள், ஜன்னல் நெற்றிப்பட்டிகள் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் உடைத்துப் போட்டிருந்தார்கள்.

ஆனால் நிழல் இருந்தது. ஒவ்வொரு வேலைப்பாடும் ஒட்டியிருந்த இடத்தில் பெயின்ட் படியாமல் அதன் உருவம் அப்படியே வெறும் மரமாக நின்றது. இங்கே தச்சர்கள் அதைப் பேய் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் தச்சர் சாரத்தில் ஏறி, டிரேசிங் தாளை ஒட்டி, பென்சிலால் ஒவ்வொரு பேயையும் நகலெடுத்தார். அதை வைத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து வந்தது. பலகையில் ஒட்டியிருந்த பழைய பெயின்டும் சாம்பல்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய கப்பற்படைப் பெயின்டை ஊரெல்லாம் அடித்தார்கள் என்பார்கள். அதையும் ஈயத்தூள் பறக்காமல் ஈரத்தோடு சுரண்டி எடுத்து, ஐந்து நிறம் பூசினோம். பூவேலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் தனி நிறம் என்பது 1960களில் இந்த ஊரில் கிளம்பிய மோஸ்தர். 1889இல் வீடு அப்படி இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆக, 'பழைய முகம்' என்று நான் எழுதியதும் முழு உண்மை இல்லை. அதை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

வேலை நடந்த நாட்களில் அந்த அம்மா வல்லேஹோவில் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு மூன்று தடவை வந்து எதிர்ச்சாரியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வில்லைகளை உரித்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். "அதுக்கு மூணு வருஷம் தவணை கட்டினோம்" என்றார். வீடு வீடாக வந்த சேல்ஸ்மேன், தீப்பிடிக்காது, ஆயுசுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொன்னானாம். 1957இல். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் ஞாபகம்.

அந்த அம்மாவின் மாமனார் போர்க்காலத்தில் லூயிசியானாவிலிருந்து ஹன்டர்ஸ் பாயின்ட் கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்கு வந்தவர். அப்போது கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்த நகரத்தில் வீடு கொடுத்த இடங்கள் சொற்பம். ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை 1942இல் அரசு தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியதால் காலியான இந்தப் பகுதி அதில் ஒன்று. அந்த அம்மா 1955இல் மருமகளாக வந்தார். அதற்குப் பிறகு மறுசீரமைப்பு என்ற பெயரில் நகராட்சியே புல்டோசர் விட்டது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 2,500 விக்டோரியன் வீடுகள் இடிந்தன என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. பாழடைந்த பகுதி என்று காகிதத்தில் எழுதித்தான் இடித்தார்கள். இவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த இடிப்பின் எல்லைக்கோடு நின்றுவிட்டது. கூரையை நான்கு முறை மாற்றியிருக்கிறார்கள். 1989 நிலநடுக்கத்துக்குப் பிறகு அஸ்திவாரத்தில் போல்ட் போட்டிருக்கிறார்கள். அந்த ரசீது உட்பட எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். வாங்குபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்களோடு சேர்க்க அந்த ரசீதுகளை ஸ்கேன் செய்ததே நான்தான்.

ஆக எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் 'கவனிப்பாரற்று' என்று எழுதினேன். எழுதும்போது அந்த அம்மா நினைவுக்கே வரவில்லை என்பது சத்தியம். வீடுதானே பேசுகிறது என்ற நினைப்பு. இதைச் சமாதானமாகச் சொல்கிறேனா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அன்று அவர் அந்தச் சொல்லைக் காட்டியதும் நான், "மேம், இது மார்க்கெட்டிங். உங்களைச் சொல்லலை" என்றேன்.

"வேற யாரை? இங்க நாங்க மட்டும்தானே இருந்தோம்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. "இது இப்படிப் பேசாது" என்பது அதற்கப்புறம் வந்தது. பின்பு காபி.

அலுவலகத்துக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, சட்டத்துக்குப் பயந்தவர். 1968ஆம் வருஷ வீட்டுரிமைச் சட்டப்படி விளம்பரத்தில் இனம், மதம் பற்றிய சாயல்கூட வரக்கூடாது, இன்னாருக்குத்தான் வீடு என்று யாராவது அர்த்தம் பண்ணிக்கொண்டால் வழக்கு வரும் என்றார். 'குடும்பத்துக்கு ஏற்ற வீடு' என்று எழுதக்கூட அவர் விடமாட்டார். அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது. கறுப்பினத்தவர்களை வீடு வாங்கவிடாமல் செய்ததைத் தடுக்க வந்த சட்டத்தின் பெயரைச் சொல்லி, ஒரு கறுப்பினக் குடும்பத்தை அவர்கள் வீட்டின் கதையிலிருந்து எடுத்துவிட்டோம் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. இனத்தைச் சொல்லாமலே '1955 முதல் ஒரே குடும்பத்தின் பராமரிப்பில்' என்று எழுதியிருக்கலாம். சட்டம் அதைத் தடுக்காது. முதலாளியிடம் அதையும் கேட்டேன். "60 வருஷம் ஒரே ஆள் என்றால் வயரிங் பழசு, பைப் பழசு என்று விலையைக் குறைப்பார்கள்" என்றார். அதுவும் உண்மைதான். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஹவுஸ், வாங்க நினைப்பவர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நாள். நடுவில் இரண்டு நாள். மறு அச்சுக்குச் செலவு பெரிதில்லை, ஆனால் நான் போய்க் கேட்க வேண்டும். கேட்கவில்லை. இணையத்தில் இருந்த பிரதியில் மட்டும் அந்த வரியை எடுத்தேன். பிறகு அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்து, "மாத்திட்டேன் மேம்" என்றேன்.

"தேங்க் யூ பேபி" என்றார்.

மாற்றியது உண்மை. எங்கே மாற்றினேன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். பொய் என்று ஒரு நாள் படும். அவர் மனசு நோகாமல் இருக்கத்தானே என்று இன்னொரு நாள் படும். அச்சடித்த 500 பிரதியும் வாசலில் அடுக்கியிருந்தது.

ஞாயிறு அன்று நல்ல கூட்டம். விலையைக் குறைத்துப் போட்டு, வருகிறவர்களைப் போட்டி போட வைப்பது இந்த ஊர் வழக்கம். அடுப்பில் குக்கி வாசனை, இரவல் சோஃபா, இரவல் ஓவியங்கள். புரோஷரைச் சிலர் சத்தம் போட்டுப் படித்தார்கள். ஒரு பெண் கண் கலங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி வாக்கில் அந்த அம்மாவின் பேத்தி வந்தாள். எல்லா அறைகளையும் சுற்றிவிட்டு, சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். போகும்போது ஒரு பிரதியை எடுத்து இரண்டாக மடித்துப் பையில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கேட்ட விலைக்கு மேல் 20 சதவீதம் போட்டு ஒரு தம்பதி வாங்கினார்கள். பணம் அந்த அம்மாவுக்குத்தான் போனது, எனக்கா வந்தது? அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவ்வளவு போயிருக்காது என்று முதலாளி இன்றும் சொல்கிறார். இரண்டும் சரி. கையெழுத்துப் போட வந்த அன்று அந்த அம்மா என்னிடம் நன்றாகத்தான் பேசினார். பேத்தி காட்டினாளா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

தெற்குப் பார்த்த வீடு அது. புகைப்படக்காரரை நான் காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். வெளிச்சத்துக்காக என்று சொன்னேன். உண்மையில், வில்லைகளை அடித்த ஆணி ஓட்டைகள் பலகையில் ஆயிரக்கணக்கில் இருந்தன. புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தோம். பகலில் ஒன்றும் தெரியாது. மாலை வெயில் முகப்பை உரசிக்கொண்டு போகும்போது மட்டும் வரிசை வரிசையாக மேலெழும்பி வரும். போன மாதம் வேறொரு வீட்டு வேலையாக அந்தத் தெருவில் போனேன். ஐந்தரை மணி இருக்கும். பலகைக்குப் பலகை, ஜாண் அளவு இடைவெளியில், எல்லாம் அப்படியே தெரிந்தன.