பாட்டி வீட்டுச் சமையலறை வெயில்

பாரிஷ் கவுன்சில் என்றால் சர்ச் விவகாரம் என்றுதான் நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. மாதாமாதம் அதில் ஒரு தாள் மாறும். மேலே 'பாரிஷ்' என்று பார்த்ததும், நமக்கென்ன என்று தாண்டிப் போய்விடுவேன். அது நம்மூர் ஊராட்சி மாதிரி ஒன்று, சர்ச்சுக்கும் அதற்கும் 1894-லேயே சட்டம் போட்டு முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள், பெயர் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது, அதே தாளில் எங்கள் வீட்டு முகவரி இருந்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில், ஒரு சிற்றூர். ஒரு பப், ஒரு ஆரம்பப் பள்ளி, மூடிய தபால் நிலையம். வெளிர் சிவப்புச் சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகள் ஏழெட்டு. எங்களுடையது அவ்வளவு அழகில்லை. நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரட்டை வீட்டில் ஒரு பாதி. ஆனால் அது நிற்கும் தெரு, பழைய தோற்றம் கெடாமல் காக்கும் 'கன்சர்வேஷன் ஏரியா'வுக்குள் வருகிறது. வீடு வாங்கும்போது வக்கீல் அனுப்பிய காகிதத்தில் அந்த வரி இருந்தது. படித்தேன், மறந்தேன்.

அம்மா விசிட்டர் விசாவில் வந்தால் ஆறு மாதம் இருப்பார். படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். படி ஏணி மாதிரி செங்குத்து. 2023-ல் வந்தபோது முழங்கால் வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதைப் பார்த்த பிறகு, கீழே ஒரு அறையும் குளியலறையும் கட்டிவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

சின்ன கட்டுமானத்துக்கு அனுமதியே வேண்டாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பாதி உண்மை. இரட்டை வீட்டின் பின்புறம் ஒரே தளமாக 3 மீட்டர் வரை, உயரம் முதலான நிபந்தனைகளை மீறாமல், விண்ணப்பிக்காமலே கட்டலாம். தனி வீடு என்றால் 4 மீட்டர். ஆனால் கன்சர்வேஷன் ஏரியாவில் பக்கவாட்டில் ஒரு அடி நீட்டினாலும் அந்தச் சலுகை கிடையாது. எங்கள் திட்டம் பக்கவாட்டில் தொடங்கிப் பின்மூலையைச் சுற்றி வளைந்தது. ஆக, முழு விண்ணப்பம்.

2024 ஜனவரிக் கடைசியில், கட்டட அனுமதிக்கான பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாக அனுப்பினோம். கட்டணம் அப்போது 258 பவுண்டு. (2025 ஏப்ரலில் அதையே 528 ஆக்கிவிட்டார்கள். யோசித்துக்கொண்டே இருந்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் அழுதிருப்போம்.) ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. 1:1250 அளவில் இடத்தின் வரைபடம் வேண்டும், எங்கள் மனையைச் சுற்றிச் சிவப்புக் கோடு வேண்டும். கோடு இருந்தது, ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. இன்னொரு படத்தில் வடக்கு எது என்று காட்டும் அம்பு இல்லை. திருத்தி அனுப்பி, பிப்ரவரி 12-ல் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் முடிவு சொல்ல வேண்டிய எட்டு வாரக் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது, பணம் கட்டிய நாளில் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு அறிவிப்பு. பக்கத்து வீடுகளுக்குக் கடிதம், கருத்துச் சொல்ல 21 நாள். எங்கள் வீட்டின் உள் அமைப்பு, எந்த அறை எங்கே, கழிப்பறை எந்த மூலையில், எல்லாம் மாவட்டக் கவுன்சிலின் இணையதளத்தில் உலகம் பார்க்க. யார் என்ன எழுதினாலும் அதுவும் அங்கேயே. இரவு படுக்கப் போகும் முன் அதைத் திறந்து பார்ப்பது எனக்கு வியாதியாகவே ஆகிவிட்டது.

முதல் எதிர்ப்பு ஒன்பதாம் நாள் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர், பார்த்தால் கையசைப்பவர். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். தன் சமையலறை இருண்டுவிடும், எங்கள் புதுச் சன்னல் அவர் வீட்டைப் பார்க்கும், தட்டைக் கூரை இந்தத் தெருவுக்கு ஒவ்வாது. எனக்கு வந்தது கோபம். "நேரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று பொருமினேன். "நீங்க போய்ச் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை. கவுன்சிலின் கடிதம் பார்த்துத்தான் அவருக்கே தெரியும்.

மார்ச் 5, செவ்வாய், இரவு ஏழரை. வில்லேஜ் ஹாலில் பாரிஷ் கவுன்சில் கூட்டம். நாற்காலிகளை நாமே விரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏழு உறுப்பினர்களில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. சம்பளம் வாங்குபவர் கிளார்க் ஒருவர்தான், உண்மையில் சட்டம் தெரிந்தவரும் அவர்தான். நாய்க் கழிவுத் தொட்டி எந்த மூலையில் என்பதற்குப் பதினைந்து நிமிடம் போனது. சாலைக் குழிகளைப் பற்றிப் பேசிவிட்டு, அது நம் கையில் இல்லை, கவுண்டி கவுன்சிலுக்கு எழுதுவோம் என்று முடித்தார்கள். நம்மூரில் கிராம சபைக்குப் போனவர்களுக்கு இந்த வாசனை தெரியும்.

பொதுமக்கள் உட்கார்ந்து கேட்க இங்கே சட்டப்படி உரிமை உண்டு. பேசுவது அந்தந்தக் கவுன்சில் வைத்திருக்கும் விதியின்படி. எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம். எங்கள் விண்ணப்பம் வந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, தான் பாட்டிக்கு உறவு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. பதிவேட்டில் அதுவும் ஏறியது.

நான் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன், ஒரு அம்மையார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலைவர் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் நாளைக்கு இந்த வீட்டை நீங்கள் விற்றுவிடலாம். கட்டடம் இங்கேயேதான் இருக்கும்." எடுத்த எடுப்பில் சுட்டது. அம்மாவின் வலிக்கு அங்கே அனேகமாக எடையே இல்லை. அதேபோல் பின்வரிசையிலிருந்து ஒருவர் "வீட்டு விலை குறையும்" என்றபோது, அதையும் கணக்கில் எடுக்க முடியாது என்று கிளார்க் நிறுத்திவிட்டார். விலை, இழந்துபோகும் காட்சி, எல்லைத் தகராறு, இதெல்லாம் பிளானிங்கில் செல்லாத காசு. வெளிச்சம், எட்டிப் பார்க்கும் சன்னல், தெருவின் தோற்றம், வாகனப் பாதுகாப்பு, இவைதான் செல்லும். பாட்டியின் கடிதத்தில் இருந்த மூன்றுமே செல்லும் காசு. ஊரில் அறுபது வருடம் இருந்தவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

வாக்கெடுப்பு: எதிர்ப்பு 3, ஆதரவு 1. எல்லாம் போயிற்று என்று வீட்டுக்கு வந்தேன்.

போகவில்லை என்பதை மறுநாள் மாவட்டக் கவுன்சிலில் எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி தொலைபேசியில் விளக்கினார். பாரிஷ் கவுன்சிலுக்கு அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரமே இல்லை. கருத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான். முடிவு மாவட்டத்துடையது. ஆனால் எங்கள் மாவட்டத்தில், பாரிஷ் ஒன்று சொல்லி அதிகாரி வேறு நினைத்தால், கோப்பு உறுப்பினர்கள் குழுவுக்குப் போகக்கூடும். (எல்லா மாவட்டத்திலும் இப்படி இல்லை, உங்கள் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.) போனால் இன்னும் இரண்டு மாதம். மறுத்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. "அதெல்லாம் எதற்கு? அந்த வெளிச்ச விஷயம் நியாயமாகத்தான் தெரிகிறது. படத்தை மாற்ற முடியுமா பாருங்கள்" என்றார்.

சனிக்கிழமை காலை பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை. "ஒன்பது மணிக்கு வந்திருக்கிறீர்கள், நல்லது" என்று சமையலறைக்குக் கூட்டிப்போய் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்தார். எங்கள் வீட்டின் பின்மூலையைத் தாண்டி மார்ச் மாத வெயில் சாய்வாக வந்து தொட்டியிலும் மேசையின் பாதியிலும் விழுந்துகொண்டிருந்தது. வாசல்பக்க அறைகளுக்கு வடக்கு முகம். "இந்த வீட்டில் காலையில் வெயில் வருவது இங்கே மட்டும்தான். பதினோரு மணிக்குப் போய்விடும்" என்றார். மேசையில் மருந்து டப்பா, குறுக்கெழுத்துப் புதிர், மூக்குக் கண்ணாடி. அவருடைய காலைப்பொழுது முழுக்க அந்தச் சதுரத்துக்குள் இருந்தது. எங்கள் வரைபடத்தில் அந்த மூலையில், எல்லையிலிருந்து 60 சென்டிமீட்டரில், 3.1 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர்.

சுவரை 1.1 மீட்டருக்குத் தள்ளினோம். தட்டைக் கூரையை எடுத்துவிட்டு, அவர் பக்கம் 2.2 மீட்டரில் தொடங்கி எங்கள் சுவரை நோக்கி ஏறும் சாய்கூரை, இந்தப் பக்கத்து வளைந்த ஓடு போட்டு. பக்கச் சன்னலுக்குப் பதில் கூரையில் ஒரு கண்ணாடி. அறை சின்னதாகிவிட்டது. அலமாரி வைக்க இடமில்லை என்று மனைவிக்கு இன்றும் குறை. வரைபடக்காரருக்கு மேற்கொண்டு 350 பவுண்டு. அம்மா போனில், "எனக்காகவா இத்தனை பாடு? நான் ஹால்லயே படுத்துக்குவேன்பா" என்றார்.

நடுவில் வௌவால். புதுக் கூரை பழைய கூரையோடு சேருவதால் வௌவால் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை தரச் சொன்னார்கள். இங்கே வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. வீட்டுக்காரன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. நிபுணர் வந்து பரணில் டார்ச் அடித்துப் பார்த்து 480 பவுண்டு வாங்கிக்கொண்டு, இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த முதல் சோதனையை எந்த மாதத்திலும் செய்யலாம். எச்சமோ தடயமோ கிடைத்திருந்தால், அந்தி நேரத்தில் வெளியே பறந்து வருகிறதா என்று எண்ணுவதற்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

திருத்திய படங்களுக்கு மறுபடி 14 நாள் அவகாசம். ஏப்ரல் 2 கூட்டத்தில் பாரிஷ் 'ஆட்சேபம் இல்லை' என்றது, மூன்று நிமிடத்தில். நான் பேசவில்லை. பாட்டி இரண்டாவது கடிதமும் எழுதியிருந்தார்: வெளிச்சம் பற்றிய குறை தீர்ந்தது, ஆனால் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று படத்தில் சரியாக இல்லை. பார்த்தால், உண்மையிலேயே இல்லை. எட்டு வாரம் போதாது என்று இரு தரப்பும் ஒப்பி நீட்டித்துக்கொண்டோம். ஏப்ரல் 24-ல் அனுமதி வந்தது, மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையோடு.

அதோடு முடிந்தது என்று கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். கட்டுமான விதிகளின் ஒப்புதல் தனி. பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் 1996-ம் வருடப் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைப் பாட்டி கையிலேயே கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் கவுன்சிலில் ஒரு இடம் காலியானது. தேர்தல் கேட்டு யாரும் எழுதவில்லை என்பதால் உறுப்பினர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கிளார்க் என்னிடம் கேட்டார். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றேன். காமன்வெல்த் குடிமகன், நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு, ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறீர்கள், போதும் என்றார். சேர்ந்தேன். நம்மில் பலருக்கு இது தெரியாது.

போன மாதக் கூட்டத்தில் நான்காவது விஷயம்: பாட்டி தோட்டத்து ஆப்பிள் மரத்தை வெட்ட ஆறு வார முன்னறிவிப்பு. கன்சர்வேஷன் ஏரியாவில் மரத்துக்கும் அது வேண்டும். அந்த மரம் எங்கள் பக்கம் சாய்ந்து, அம்மா அறைக் கூரைக் கண்ணாடியில் இலை கொட்டுகிறது. மரம் போனால் லாபம் எனக்கு. சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்து, கோட் மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.