ஒன்பது வாரத் திட்டம், கல்லடியில் பதின்மூன்று வாரம்

'கவுச் டு ஃபைவ் கே' (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் வரை) என்று போனில் தேடினால் இலவசச் செயலிகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். ஓடியே பழக்கமில்லாதவர்களுக்காக ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் போட்ட ஒன்பது வாரத் திட்டம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். முதல் வாரம் 5 நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். ஒன்பதாம் வாரம் நிற்காமல் 30 நிமிடம். திட்டத்தில் பிழையில்லை, மட்டக்களப்புக் கல்லடியின் வெக்கையும் கடற்கரை மணலும் அதில் சேரவில்லை, அவ்வளவுதான். ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி ஜூன் கடைசியில் முடிந்த கணக்கு இது. 1, 4, 5, 8ஆம் வாரங்களை இரண்டு தரம் ஓட வேண்டியிருந்தது.

முதல் வாரம் இரட்டித்ததற்குக் காரணம் கால் இல்லை, உடம்புச் சூடு. வெக்கையில் ஓடிப் பழக உடம்புக்குப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்திக்கொண்டு வரத் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். அந்தப் பதினாலு நாளும் செயலி காட்டும் வேகத்தைப் பார்ப்பதே வீண். ஒரேயொரு சோதனை போதும்: ஓடிக்கொண்டே சொந்தப் போன் நம்பரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பத்து இலக்கமும் ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. 'சைபர் ஏழு ஏழு' என்றதுமே மூச்சு முறிந்தால் வேகம் கூட. சரியான வேகம் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிற மாதிரித்தான் இருக்கும். இருக்கட்டும்.

மே மாதம் ஐந்தே முக்காலுக்கே சூரியன் கடலுக்கு மேலே ஏறிவிடும், கிழக்குக் கரை என்பதால் நேரே முகத்தில் அடிக்கும். ஐந்து மணிக்குப் படலையைத் தாண்டினால்தான் ஓட்டம் வெயிலுக்கு முன் முடியும். பின்னேரம் கடற்காற்று உண்டுதான், ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த காபட் (தார்) வீதி ஆறு மணிக்கும் சூட்டைக் கக்கும். கரையில் சனம் வேறு.

மணலில் ஓடினால் முழங்காலுக்கு நல்லது என்பார்கள். பாதி உண்மை. புதையும் மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போல 1.6 மடங்கு சக்தி வேண்டும். குதி புதைகிறது. புதைந்த குதியைத் தூக்குவதற்குக் கெண்டைச் சதையும் அதைக் குதியோடு பிணைக்கும் குதிநரம்பும் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக இழுபடுகின்றன. நாலாம் வாரம் ஓட்டத் துண்டு 3 நிமிடத்திலிருந்து 5 நிமிடத்துக்குத் தாவும். அதே வாரம் மணலுக்கும் மாறினால், மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடிக்குக் குதிநரம்பு மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். அந்த வாரம் இரட்டித்தது இதனால்தான்.

மூன்று நாளில் இரண்டு நாள் வீதி, ஒரு நாள் ஈரமணல் என்று பிரித்த பிறகு விறைப்பு விட்டது. ஈரமணல் என்றால் அலை திரும்பிய பின் சப்பாத்தின் அடையாளம் விழுந்தும் அதன் விளிம்பு உடையாத பட்டை. இங்கே கடல் வற்றுவதும் பெருகுவதும் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் அந்தப் பட்டை அகலமாகக் கிடைக்காது. சரிவாகவும் இருக்கும். நாவலடிப் பக்கம் வடக்கே ஓடும்போது வலது கால் எப்போதும் பள்ளத்தில். போன தூரமே அதே கரையால் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் பங்கு சமமாகும். ஒரு பக்கம் மட்டும் ஓடிவிட்டு ஓட்டோவில் திரும்பினால் வலது முழங்காலின் வெளிப்புறம் இரண்டு வாரத்தில் முறைப்பாடு வைக்கும்.

கரைவலை இழுக்கும் நாளில் கயிறு கரைக்குக் குறுக்கே விறைத்து நிற்கும், அரை இருட்டில் கண்ணுக்கே தெரியாது. அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. இழுப்பவர்கள் சேர்ந்து அடி வைக்கும்போது தாழ்ந்து கிடந்த கயிறு சட்டென்று எழும்பும். அவர்களுக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாக நடந்து சுற்றிப் போங்கள். செயலி அந்த நடையையும் ஓட்டமாக எண்ணிக்கொள்ளும், எண்ணட்டும். கட்டாக்காலி நாய் குரைத்தாலும் இதே மருந்துதான்: ஓட்டத்தை விட்டு நடை.

ஐந்தாம் வாரம்தான் அதிகம் பேர் கைவிடும் இடம். இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு, நடுவில் 5 நிமிட நடை. மூன்றாம் நாள் ஒரேயடியாக 20 நிமிடம். இதில் தோற்பது பதினைந்தாம் நிமிடத்தில் என்று தோன்றும். உண்மையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தோற்றாகிவிட்டது, பயத்தில் வேகமாக ஓடியதால். இடையில் ஒரு நாள் 12 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 நிமிட ஓட்டம் என்று வைத்தால் 20 தானாக வரும்.

காலில் வலி வந்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நீளத்துக்குப் பரவிய வலி என்றால் கூடுதலாக ஓடியது, ஒரு வாரம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரே புள்ளியில் சுள்ளென்று குத்தினால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சப்பாத்தில் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப் போகும்.

போன் விஷயம் இரண்டு. பற்றரி சேமிப்பு முறை இயங்கினால் திரை அணைந்த சிறிது நேரத்தில் செயலி செத்துவிடும், அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். மற்றது, 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம். அதன் இரும்புச் சட்டங்களுக்குள் ஜிபிஎஸ் சைகை தெறித்து, வரைபடத்தில் ஆள் வாவிக்குள் இறங்கி ஏறியிருப்பார். அந்தத் துண்டில் காட்டும் வேகத்தை நம்பிப் பெருமைப்பட வேண்டாம்.

தண்ணீருக்குத் தராசு. ஓடமுன் நிறை, ஓடிய பின் வியர்வையைத் துடைத்துவிட்டு நிறை. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது. செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கணக்கு நேராகும்.

எட்டாம் வாரத்தைக் கச்சான் காற்று கெடுத்தது. ஜூனில் மேற்கிலிருந்து தரை வழியாக வரும் இந்தக் காற்று காய்ந்து சூடாக இருக்கும். வியர்வை வந்த வேகத்தில் உலர்வதால் 'இன்றைக்கு வியர்க்கவில்லை' என்று தோன்றும். தராசு வேறு கதை சொல்லும். கச்சானில் ஓடும்போது உடம்பு புல்லரித்தால், குளிர்ந்தால், தலை இடித்தால் அன்றைக்கு அத்தோடு சரி. நிழல், கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி, தண்ணீர். அரை மணித்தியாலம் முந்தி, நாலரைக்கு ஓடத் தொடங்கியதும் அதே 28 நிமிடம் முடிந்தது.

பதின்மூன்றாம் வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓடியதில் தூரம் 3.8 கிலோமீற்றர். அரை மணித்தியாலத்தில் ஐந்து கிலோமீற்றர் என்பதற்குக் கிலோமீற்றருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். இங்கே கிடைத்தது 7 நிமிடம் 54 விநாடி. அந்த வேகத்தில் ஐந்துக்கு முப்பத்தொன்பதரை நிமிடம் ஆகும். வேகத்தைக் கூட்டாமல் வாரத்தில் ஒரு நாள் மட்டும் மும்மூன்று நிமிடம் நீட்டினால் 33, 36, 39; கடைசி நாளில் இன்னோர் அரை நிமிடம். இன்னும் மூன்று வாரம், அதுவும் வீதியில்.