பழைய வேன் பார்க்கப் போகிறீர்களா? டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

சரக்கு ஏற்ற மாருதி ஓம்னி, ஈக்கோ மாதிரி பழைய வேன் தேடுகிறவர்கள் எடுத்ததும் கேட்பது மூன்று கேள்வி: என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர், எத்தனாவது ஓனர். இவை மூன்றும் இரண்டாம் பட்சம். சரக்கு எந்த வாசல் வழியாக உள்ளே போகும், மொத்தம் எத்தனை கிலோ வரும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். புரோக்கரைக் கேட்டால் “எல்லாம் போகுமுங்க” என்றுதான் சொல்வார். போகுமா இல்லையா என்பது டேப் பிடித்தால்தான் தெரியும்.

நாலு அளவு போதும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பிலிருந்து, சாத்திய பின்கதவின் உட்புறம் வரை தரையோடு நீளம். பின்சக்கர மேடு இரண்டுக்கும் நடுவில் அகலம். பின்கதவைத் திறந்தால் கிடைக்கும் வாசலின் உயரமும் அகலமும். ரோட்டிலிருந்து உள்தரை வரை உயரம். உள்ளே கூரை வரை இருக்கும் உயரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். வாசல் எப்போதும் அதைவிடத் தாழ்வு. வெட் கிரைண்டர் பெட்டியை மூன்றடுக்காக அடுக்க உள்ளே இடமிருக்கும், ஆனால் மூன்றாவது அடுக்கைப் படுக்க வைத்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். திருப்பூர்க்காரர்கள் துணி ரோலின் நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். டியூப் துணி (குழாய் மாதிரி பின்னியது) மூன்றடிக்குள் அடங்கிவிடும், ஓப்பன் வித் ரோல் (வெட்டி விரித்த அகலத் துணி) ஐந்து, ஆறு அடி வரும். சின்ன வேனில் அதைக் குறுக்காகச் சாய்த்துத்தான் போட முடியும். அப்படிப் போட்டால் பாதி இடம் வீண்.

நாமக்கல் பக்கம் முட்டைக்கு வேன் பார்ப்பவர்களுக்காக ஒரு கணக்கு. தட்டு ஏறக்குறைய ஒரு அடிச் சதுரம், 30 முட்டை. தரை 5 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 20 அடுக்கு நிற்கும். அடுக்குக்கு 15 தட்டு என்றால் 300 தட்டு, 9000 முட்டை. முட்டை 55 கிராம் வீதம் 495 கிலோ, தட்டின் எடையையும் சேர்த்தால் 515 கிலோவைத் தொடும். அடுக்கின் உயரம் இரண்டரை அடிதான், மேலே பாதி வண்டி காலியாகத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் ஏற்றத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. இதில் சக்கர மேட்டை இன்னும் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் 4 அடி 3 அடியாகக் குறைந்தால் அடுக்குகளும் குறையும்.

ஏற்றலாமா என்பதை ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) சொல்லும். அதில் அனுமதித்துள்ள மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் உரிமை. மொத்தம் 1540, காலி 930 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 610. டிரைவரும் லோடுமேனும் 130 கிலோ என்றால் சரக்குக்கு 480தான். மேலே சொன்ன முட்டையே அதைத் தாண்டிவிட்டது. காலி எடையும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்காது. மேலே கேரியர், தரையில் செக்கர் பிளேட் (புடைப்புக் கோடு போட்ட இரும்புத் தகடு) என்று முன்னால் வைத்திருந்தவர் சேர்த்திருப்பார். 3 எம்எம் செக்கர் பிளேட் 5×4 அடிக்கு மட்டுமே 45 கிலோவுக்கு மேல். வாங்கும் முன் வண்டியை எடை மேடையில் ஏற்றிவிடுங்கள், அதற்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை. நூல் மூட்டை, வார்ப்பு, பம்ப்செட் போன்ற கனமான சரக்குக்கு மூடிய வேன் சரிவராது. டாடா ஏஸ், சூப்பர் கேரி மாதிரி திறந்த பாடிக்குப் போய்விடுங்கள். பனியன், பெட்ஷீட், மருந்துப் பெட்டி என்றால் மூடிய வேன்தான் வசதி. திருப்பூர் காதர்பேட்டை சந்துகளில் பின்கதவைத் திறக்க இடம் கிடைக்காதபோது, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் பக்கத்துக் கதவு கைகொடுக்கும்.

அந்தப் பக்கத்துக் கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள். உருளை தேய்ந்திருந்தால் கதவு பின்பக்கம் தொங்கும், பூட்டும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஓம்னியின் உற்பத்தி 2019ல் நின்றுவிட்டது. பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் கிடைக்கும் வண்டியெல்லாம் வயதானவை. ஈக்கோ 2010ல் வந்தது. ஓம்னியில் பின்னால் பட்டை ஸ்பிரிங், ஈக்கோவில் சுருள் ஸ்பிரிங். ஓம்னியில் கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால், ஈக்கோவில் சுருளுக்குள் ரப்பர் திணித்திருந்தால், ஓவர்லோடு அடித்த வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். சமதரையில் நிறுத்தி இரண்டு பின்சக்கர வளைவையும் தரையிலிருந்து அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் சோர்ந்துவிட்டது.

துரு விஷயத்தில் வண்டியின் வயதைவிட அது ஏற்றிய சரக்கு முக்கியம். சாயப்பட்டறைக்கு உப்பும் கெமிக்கலும் ஏற்றிய வண்டி, மீன் வண்டி, கறிக்கோழி வண்டி மூன்றும் மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து வரும். ரப்பர் மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு, பொத்தென்று கேட்டால் துருவை மறைக்கப் பூசிய பட்டி. பக்கத்துக் கதவின் கீழ்த்தடம், சக்கர மேட்டின் உள்மூலை, ஜாக்கி வைக்கும் இடம் மூன்றையும் விடாமல் பாருங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோர நம்பர் இருந்தால் மெக்கானிக்கைக் கூட்டிப் போய் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேன்களில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் வெப்பம் அங்கேயே தங்கும். காலையில் போய், எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலி வண்டியில் செய்யாதீர்கள். 300 கிலோவாவது ஏற்றுங்கள், மணல் மூட்டையானாலும் சரி. மேட்டில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போயிற்று. முன் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது ‘டக்’ என்று அடித்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் மூட்டைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்டால் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் கியர்பெட்டி). அது செலவு வைக்கும், விலையில் பேசியாக வேண்டும். பல்லடம், உடுமலை ரோட்டில் ஆடிக்காத்தில் ஓட்டுகிறவர்கள் ஸ்டீயரிங் ஆட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான வேனைக் காத்து பக்கவாட்டில் தள்ளும்போது தேய்ந்த பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) பயமுறுத்தும்.

வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றினால், விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே காரணமாகும். சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றும் பயணிகள் வேனுக்கும் இதே சிக்கல் உண்டு. மஞ்சள் போர்டு சரக்கு வண்டி மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். எஃப்.சி. முடிய ஒரு மாதமே இருக்கும் வண்டி மலிவாக வருகிறதென்றால் ஏன் என்று கேளுங்கள். கேஸ் கிட் போட்டிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் உண்டு. சிலிண்டர் உள்ளே இருந்தால் அது பிடித்த இடத்தையும் நீளத்தில் கழியுங்கள்.

ஃபைனான்ஸில் இருந்த வண்டிக்குக் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35ம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றுங்கள். டெலிவரி எடுக்கும்போது தேதியோடு மணியையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் அவர் வாங்கிய ஃபைன் யார் தலையில் என்று பிறகு பேச்சு வராது.