நெற்றிப்பொட்டில் கேட்ட சத்தம்

அப்பாவின் நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டால் அறியும் டாப்ளர் கருவியை வைத்தார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. மூளைத் தமனியில் ரத்தம் 'உஷ் உஷ்' என்று ஓடுவது அறை முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே எலும்பு மெல்லியது, அல்ட்ராசவுண்ட் நுழைந்துவிடும். 1982-இல் ரூனே ஆஸ்லிட் என்ற ஆராய்ச்சியாளர் காட்டிய வழி.

அப்புறம் தேடிப் படித்தேன். நாடியின் அலை, அதாவது ஒவ்வொரு இதயத் துடிப்பும் தமனியில் கிளப்பும் அழுத்த அலை, ரத்தத்தைவிட மிக வேகமாகப் போகும். தமனி விறைக்க விறைக்க அந்த வேகம் கூடும். கழுத்துக்கும் தொடைக்கும் நடுவே அளக்கும்போது நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். மூளையில்தான் சிரமம், அங்கே அளக்கக் கிடைக்கும் தூரம் குறைவு. 20 செ.மீ. தூரத்தை அதே வேகத்தில் கடக்க 20 மில்லிநொடி போதும். டாப்ளரிலும் எம்ஆர்ஐயிலும் அந்தத் துளி நேரத்தைப் பிடிக்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள்.